அடுக்கடுக்காகப் பியானோ, நடுவில் ஒரு பெடல்: ரீப்பர் மென்பொருள் பற்றி

மூன்றாவது அடுக்கைப் பதிவு செய்து முடித்துத் திரும்பக் கேட்டால், முதல் அடுக்கில் வாசித்திருந்த இடது கை கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டுகள்) பாதியிலேயே அறுந்து விழுந்தன. நோட்டுகள் எல்லாம் திரையில் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, வெலாசிட்டியும் (கட்டையை அழுத்திய வேகம்) மாறவில்லை, ஆனால் கேட்கும்போது நீளமாக ஒலிக்க வேண்டிய கார்டு சட்டென்று நின்றுவிடுகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த கார்டோடு குழம்புகிறது. அப்போது நான் வைத்திருந்தது வேறொரு மென்பொருள், கீபோர்டுடன் சேர்ந்து வந்தது. அதில் பெடல் (விரலை எடுத்த பிறகும் சுரத்தை ஒலிக்க வைக்கும் கால்மிதி) பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கே நாலு மெனு உள்ளே போக வேண்டும். போனாலும் மூன்று அடுக்கின் பெடலும் ஒரே கோட்டில் கலந்து கிடக்கும், எது எந்த அடுக்கின் மிதி என்று பிரிக்க வழியே இல்லை. இரண்டு வாரம் உழைத்த பதிவை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் கணினியில் இசையைப் பதிவு செய்து திருத்தும் ரீப்பருக்கு வந்தேன். ஒன்றரை வருடமாகப் பியானோ வேலை முழுக்க அதில்தான். இந்த விமர்சனமும் அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும்தான்: மிடி கீபோர்டு, சஸ்டெயின் பெடல், ஒன்றின் மேல் ஒன்றாக வாசித்துச் சேர்க்கும் பியானோ. குரல் பதிவுக்கும் டிரம்ஸுக்கும் ரீப்பர் எப்படி என்பதற்குள் நான் போகவில்லை.

முதலில் அந்தக் கார்டுகள் ஏன் அறுந்தன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாமல் எந்த மென்பொருளை வாங்கினாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். மிடி என்பது கீபோர்டும் கணினியும் வாசிப்பை ஒலியாக இல்லாமல் செய்திகளாகப் பரிமாறிக்கொள்ளும் முறை, 1983இல் வந்தது. அதில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு செய்தி, விட்டால் ஒரு செய்தி, எந்தக் கட்டை என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் எண், எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதற்கு 127 வரை இன்னோர் எண். பெடல் இந்த நோட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அது கண்ட்ரோலர் 64 என்ற தனிச் செய்தி, சுருக்கமாகச் சிசி 64. அதன் மதிப்பு 0 முதல் 63 வரை இருந்தால் பெடல் மேலே, 64 முதல் 127 வரை இருந்தால் கீழே. இந்தச் செய்தி ஒரு நோட்டுக்கோ ஒரு கைக்கோ போவதில்லை, அந்தச் சேனல் (செய்திகள் போகும் தடம்) முழுவதற்கும் போகிறது. ஒரே சேனலில் இரண்டு முறை வாசித்து ஒன்றாகச் சேர்த்தால் கைகள் நாலு, பெடல் ஒன்று. ஆனால் அந்த ஒரு பெடலை இரண்டு கால்கள் மாறி மாறி மிதித்துத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. முதல் அடுக்கில் கால் கீழே இருக்கும்போது மூன்றாவது அடுக்கின் கால் மேலே வந்தால், மேலே வந்த செய்தி ஜெயித்துவிடும், முதல் அடுக்கின் கார்டு அங்கேயே செத்துவிடும். என் பதிவுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே, அடுக்கு பியானோவுக்கு ஒரு மென்பொருள் சரிப்படுமா என்று பார்க்க எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பெடலைத் தனியாகப் பார்க்க, பிரிக்க, நகர்த்த, நகலெடுக்க அது என்னை விடுகிறதா? ரீப்பர் விடுகிறது, நன்றாகவே விடுகிறது.

ரீப்பரைப் பற்றிப் பொதுவாகச் சுருக்கமாக. விண்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய காக்கோஸ் நிறுவனத்தின் மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், எதையும் பூட்டி வைத்திருக்கவில்லை. தரவிறக்கம் மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடுகிறது. அதோடு எந்தக் கிராண்ட் பியானோ ஒலியும் வராது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படையான ஒரு சிந்தசைசரும், நாமே ஒலித்துண்டுகளைப் போட்டு வாசிக்கும் ஒரு சாம்ப்ளரும் இருக்கின்றன, அவ்வளவுதான். பியானோ பிளகினை, அதாவது ரீப்பருக்குள் சேர்த்து ஓட்டும் பியானோ ஒலி மென்பொருளை, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். திறந்தவுடன் வாசித்துவிடலாம் என்று வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஏற்கெனவே பிடித்த பியானோ பிளகின் கையில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

சரி, பதிவு. ஒரு டிராக்கை (பதிவுக்கான ஒரு தனி வரிசை) உருவாக்கி, அதில் பியானோவைப் போட்டு, பதிவுக்குத் தயாராக்கும் ரெக்கார்டு ஆர்ம் பொத்தானை அழுத்தி, உள்ளீடாக மிடி கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை தொடங்கிவிடும். அந்த ஆர்ம் பொத்தானில் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில்தான் அடுக்கு வேலையின் தலையெழுத்தே இருக்கிறது. சாதாரண முறையில் ஒவ்வொரு முறை பதிவு செய்யும்போதும் புதிதாக ஒரு டேக் (ஒரு முறை வாசித்த பதிவு) உருவாகும். மிடி ஓவர்டப் முறையைத் தேர்ந்தெடுத்தால் புதிதாக வாசிப்பது பழைய ஐட்டத்துக்குள்ளேயே (டிராக்கில் இருக்கும் பதிவுத் துண்டு) கலந்துவிடும். பழையதை அழித்துவிட்டு எழுதும் ரீப்ளேஸ் முறைகளும் உண்டு. புதிதாக வருபவர்கள் ஓவர்டப்பைத்தான் முதலில் எடுப்பார்கள், பெயரே அடுக்குவதற்காகச் செய்தது போல இருக்கிறதே. பெடல் இல்லாத வேலைக்கு அது அருமையானது. பெடலோடு வாசிப்பதாக இருந்தால் ஓவர்டப்பைத் தொடாதீர்கள். கலந்த பிறகு இரண்டு பெடலையும் பிரித்தெடுப்பது, உப்பையும் சர்க்கரையையும் கலந்துவிட்டுத் திரும்பப் பொறுக்குவது மாதிரி.

ஓவர்டப்பையே விரும்புபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டிராக்கின் மிடி உள்ளீட்டுப் பட்டியலிலேயே வருகிற செய்திகளை எந்தச் சேனலில் எழுத வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் அடுக்கைச் சேனல் 1இலும் இரண்டாவதைச் சேனல் 2இலும் எழுதினால் ஒரே ஐட்டத்துக்குள் இரண்டு பெடலும் தனித்தனியாக இருக்கும். மிடியில் சேனல்கள் 16 இருக்கின்றன, ஆகவே எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பியானோ பிளகின் சேனல்களைப் பிரித்துக் கேட்கிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். எல்லாச் சேனலையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் பிளகின்கள் உண்டு, அவற்றில் இந்த உழைப்பு வீண்.

நான் கடைப்பிடிப்பது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு டிராக். முதல் டிராக்கில் இடது கையும் பெடலும். கார்டு மாறும் இடங்களை இடது கைதான் தீர்மானிக்கிறது, பெடலும் கார்டோடுதான் மாற வேண்டும், ஆகவே அவை இரண்டையும் ஒன்றாக வாசித்துவிடுவதுதான் இயல்பு. இரண்டாவது டிராக்கில் வலது கை. இங்கே ஒரு சங்கடம் வரும். வலது கையை வாசிக்கும்போது மறுபடியும் பெடலை மிதித்தால் முதல் டிராக்கின் மிதியும் இதுவும் ஒன்றுபோல இருக்காது, ஒரு கை பியானோவில் கார்டு மாறிய பிறகும் மறு கை பியானோவில் பழைய சுரம் தொங்கிக்கொண்டிருக்கும். மிதிக்காமல் வாசித்தால் ஒலி வறண்டு போய், விரலே வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கிவிடும். கட்டைகளைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொள்வோம், சத்தத்தைக் கூட்டுவோம். பெடல் இல்லாமல் வாசித்துவிட்டுப் பிறகு பெடலை ஒட்டிய பதிவுகளைக் கேட்டால் அது தெரிந்துவிடுகிறது, சுரங்கள் ஒன்றோடொன்று சாயாமல் தனித்தனியாக நிற்கும்.

இதற்கு ரீப்பரில் கிடைத்த தீர்வுதான் எனக்கு இந்த மென்பொருளின் மேல் பிரியம் வரக் காரணம். ஒரு டிராக்கின் மிடியை இன்னொரு டிராக்குக்கு அனுப்பலாம். நடுவில் ஒரு வெற்று டிராக்கை வைத்து, அதில் சிசி 64 தவிர மற்ற எல்லாவற்றையும் தடுக்கும் ஒரு சிறு வடிகட்டியைப் போட்டேன். முதல் டிராக்கிலிருந்து மிடி நடு டிராக்குக்குப் போகிறது, அங்கே நோட்டுகள் நின்றுவிடுகின்றன, பெடல் மட்டும் கடந்து இரண்டாவது டிராக்கின் பியானோவுக்குப் போகிறது. நான் வலது கையை மட்டும் வாசிக்கிறேன், கால் தரையில் சும்மா இருக்கிறது, ஆனால் இடது கையோடு நான் மிதித்த அதே பெடல் வலது கையின் ஒலியையும் ஏந்திக்கொள்கிறது. பதிவாவது கீபோர்டிலிருந்து வருவது மட்டும் என்பதால் இரண்டாவது ஐட்டத்தில் பெடல் செய்தி ஒன்றும் எழுதப்படுவதில்லை. பெடல் ஒரே இடத்தில் இருக்கிறது, முதல் டிராக்கில். அங்கே திருத்தினால் எல்லா அடுக்கிலும் திருந்துகிறது. அந்த வடிகட்டியை ரீப்பரின் ஜேஎஸ்எஃப்எக்ஸ் மொழியில் நானே எழுதினேன், பத்து வரிகூட வராது. வருகிற செய்தி கண்ட்ரோலர் வகையா, எண் 64ஆ என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் வெளியே விடுகிறது. நிரல் எழுதித் தொழில் செய்பவன் இல்லை நான். இருந்தும் ஒரு மாலையில் முடிந்தது, ஏனென்றால் அந்த மொழியில் எழுதி சேமித்தவுடன் பிளகினாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது, தனியாகத் தொகுக்கும் வேலையெல்லாம் கிடையாது. எழுத விருப்பமில்லை என்றால் முதல் டிராக்கின் பெடல் செய்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து மற்ற ஐட்டத்தில் ஒட்டலாம். ஒட்டும்போது எடிட் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் விழும், ஆகவே கர்சரைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பதிவு பற்றி இன்னும் ஒன்று. மெட்ரோனோம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே காலைப் பெடலில் வைத்து அழுத்திவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பதிவு தொடங்கும் முன்பே மிதித்துவிட்டால் மிதித்த செய்தி பதிவுக்குள் வராது, விட்ட செய்தி மட்டும்தான் வரும். வாசிக்கும்போது நன்றாகக் கேட்டது, திரும்பக் கேட்டால் முதல் கார்டு மட்டும் வறண்டு கிடக்கும். இது மென்பொருளின் தவறு இல்லை. முதல் நோட்டுக்குப் பிறகு மிதியுங்கள், இல்லாவிட்டால் ஐட்டத்தின் தொடக்கத்தில் கையால் ஒரு 127 போட்டுவிடுங்கள்.

இப்போது திருத்தம். ஐட்டத்தை இரட்டைக் கிளிக் செய்தால் மிடி எடிட்டர் திறக்கும். மேலே பியானோ ரோல் (நோட்டுகளைக் காட்டும் கட்டம்), கீழே லேன் (மதிப்புகளைக் காட்டும் பட்டை). லேனின் பட்டியலில் 64ஐத் தேர்ந்தெடுத்தால் பெடல் முழுவதும் கண் முன்னால் விரிகிறது. இன்னொரு லேனைச் சேர்த்து வெலாசிட்டியையும் அதற்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். நான் முக்கியமாக நினைப்பது, பல ஐட்டங்களை ஒரே எடிட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்க்க முடிகிறது என்பது. இடது கை ஒரு நிறம், வலது கை ஒரு நிறம், திருத்துவது எது, பார்வைக்கு மட்டும் இருப்பது எது என்று பக்கத்துப் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். வலது கையின் மெட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இடது கையின் பெடலை அந்த இடத்தில் தூக்க முடிகிறது. முதலில் சொன்ன பழைய மென்பொருளில் நான் ஏங்கிய விஷயம் இது.

நேரத்தின் நுணுக்கமும் போதுமானது. ஒரு கால்நோட்டை (ஒரு தாள அடியை) 960 பங்காகப் பிரிப்பதுதான் இயல்பான அமைப்பு. நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெகண்டைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெடலை இதற்கு மேல் நுணுக்கமாக நகர்த்த எந்தக் காலும் இல்லை.

குவாண்டைஸ், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு நகர்த்துவது பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் பெடலோடு வாசித்த பியானோவைப் பெரும்பாலானவர்கள் பாழாக்குவது இங்கேதான். நல்ல பியானோ வாசிப்பில் பெடல் கார்டோடு சேர்ந்து கீழே போவதில்லை. புதிய கார்டை அடிக்கும் கணத்தில் கால் மேலே வருகிறது, பழைய ஒலி துடைக்கப்படுகிறது, கட்டைகள் விரலில் இருக்கும்போதே கால் மறுபடி கீழே போகிறது. பெடல் எப்போதும் நோட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் நடக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில்தான் லெகாட்டோ (சுரங்கள் அறாமல் இணைந்து ஒலிப்பது) உயிரோடு இருக்கிறது. இப்போது குவாண்டைஸ் செய்தால் என்ன ஆகும்? நோட்டுகள் கட்டத்துக்கு நகரும், பெடல் இருந்த இடத்திலேயே இருக்கும். நோட்டு நீளம் மாறாமல் பின்னால் நகர்ந்தால் பழைய கார்டின் முடிவும் பின்னால் நகரும். அது மறுபடி பெடல் கீழே போகும் இடத்தைத் தாண்டிவிட்டால், துடைக்கப்பட வேண்டிய பழைய கார்டைப் பெடல் பிடித்துக்கொள்ளும், இரண்டு கார்டும் சேறு போலக் குழம்பும். மாறாகப் பழைய கார்டு முன்னால் நகர்ந்து புதியது பின்னால் நகர்ந்தால் நடுவில் ஓர் ஓட்டை விழும். எந்த மென்பொருளிலும் இது நடக்கும்.

பெடலையும் சேர்த்துக் கட்டத்துக்கு இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். செய்து பார்த்தேன். இழுத்தால் கால் தூக்குவதும் மறுபடி மிதிப்பதும் ஒரே புள்ளியில் வந்து விழுந்துவிடுகின்றன, துடைப்பதற்கு நேரமே இல்லாமல் போகிறது. ரீப்பரின் எடிட்டரில் நோட்டுகளைத் தேர்ந்தெடுத்தால் அவற்றோடு இருக்கும் சிசி செய்திகளும் சேர்ந்து தேர்வாகும்படி ஒரு விருப்பம் இருக்கிறது. நான் அதைப் போட்டுக்கொண்டு, தவறான கார்டைப் பெடலோடு சேர்த்துக் கையால் நகர்த்துகிறேன். மொத்தமாகக் குவாண்டைஸ் செய்வதே இல்லை. ஒரு பாட்டில் பத்துப் பன்னிரண்டு இடம்தான் இப்படித் திருத்த வேண்டியிருக்கும், அரை மணி நேர வேலை. எல்லாவற்றையும் கட்டத்தில் ஒட்டிவிட்டுப் பிறகு பெடலைச் சீர் செய்வது முழு நாள் வேலை, அதற்குப் பிறகும் அது மனிதர் வாசித்தது போல இருக்காது.

2019 டிசம்பரில் வந்த ரீப்பர் 6இலிருந்து சிசி செய்திகளுக்கு நடுவே வளைவுகள் போடலாம். நேர்கோடு, வளைவு, படிக்கட்டு என்று வடிவங்கள் உண்டு. அரைப் பெடல் (பெடலைப் பாதியளவு மிதிப்பது) வாசிப்பவர்களுக்கு இது பெரிய வரம், காலை மெதுவாகத் தூக்குவதை இரண்டு புள்ளியில் வரைந்துவிடலாம், நூறு செய்திகளைத் தனித்தனியாகத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் மேலே அல்லது கீழே என்ற இரண்டே நிலை தெரிந்த சாதாரண சுவிட்ச் பெடலுக்கு வடிவத்தைப் படிக்கட்டாகவே வைத்திருங்கள். தெரியாமல் நேர்கோடாக மாறிவிட்டால் 0க்கும் 127க்கும் நடுவே சாய்வு விழும், பிளகின் 64ஐத் தாண்டும் இடத்தில்தான் பெடல் கீழே போனதாக எடுத்துக்கொள்ளும். அதாவது நீங்கள் மிதித்த இடம் ஒன்று, கேட்கும் இடம் இன்னொன்று.

2023இல் வந்த ரீப்பர் 7இல் ஒரு டிராக்குக்குள்ளேயே நிலையான லேன்கள் (டேக்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கும் வரிசைகள்) வந்தன. ஒரே பகுதியை ஐந்து முறை வாசித்துவிட்டு, நல்ல துண்டுகளை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கலாம். பியானோவுக்கு இது மிகவும் உதவுகிறது, ஒரு நிபந்தனையோடு. இரண்டு டேக்குகள் சேரும் எல்லையைப் பெடல் மேலே இருக்கும் இடத்தில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது வெட்டினால், மிதித்த செய்தி ஒரு டேக்கிலும் தூக்க வேண்டிய செய்தி வெட்டி எறிந்த பகுதியிலும் போய்விடும். அதற்குப் பிறகு பாட்டு முழுக்க ஒரே மூட்டமாக இருக்கும், எங்கிருந்து தொடங்கியது என்று தேடுவது பெரும் வேலை. ஐட்டத்தை நடுவே வெட்டி வலது பாதியை நீக்கும்போதும் இதேதான். வெட்டிய இடத்தில் ஒரு 0 போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது என் பழக்கமாகிவிட்டது.

பெடல் தொங்கிப்போவது பற்றிச் சொல்லும்போது ரீப்பரின் ஓர் அமைப்பைச் சொல்லாமல் விட முடியாது. விருப்பங்களில் மிடி சாதனங்கள் பக்கத்தில், நிறுத்தும்போதும் தொடங்கும்போதும் பிட்ச்சையும் சஸ்டெயினையும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும் தேர்வுகள் இருக்கின்றன. சஸ்டெயின் என்று பெயர் சொல்லியே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். இதன் அருமை, எல்லா நோட்டையும் நிறுத்து என்ற மிடி செய்தியை நம்பியவர்களுக்குத் தெரியும். பெடல் கீழே இருக்கும்போது அந்தச் செய்தி வந்தால் ஒலி நிற்காது, பெடல் மேலே வரும்வரை ஒலித்துக்கொண்டுதான் இருக்கும், மிடியின் விதியே அப்படி. பெடலை விடுவித்தால்தான் அமைதி. இதே மாதிரி, பாட்டின் நடுவிலிருந்து ஓடவிடும்போது அதற்கு முன்பு பெடல் கீழே இருந்ததா என்று மென்பொருள் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். சேஸ் என்று சொல்வார்கள். ரீப்பரில் அது உண்டு, அணைத்துவிடாதீர்கள்.

இனி ஒலி. அடுக்குக்கு ஒரு டிராக், டிராக்குக்கு ஒரு பியானோ என்று போனால் இன்னொரு பிரச்சினை வந்து நிற்கிறது, இதற்கு ரீப்பர் பொறுப்பில்லை என்றாலும் இந்த வேலையைச் செய்பவர் யாரும் தப்ப முடியாது. உண்மையான பியானோவில் பெடலை மிதித்தால் எல்லா டாம்பர்களும் (கம்பியின் அதிர்வை அடக்கும் பாகங்கள்) ஒன்றாக எழும்புகின்றன. மேல் பக்கம் சுமார் ஒன்றரை ஆக்டேவுக்கு டாம்பரே கிடையாது என்பது வேறு விஷயம். அடிக்காத கம்பிகளும் அடித்த கம்பியோடு சேர்ந்து அதிரும். இடது கை அடித்த கீழ் சுரம் வலது கையின் மேல் சுரங்களைத் தானாக எழுப்பும். இரண்டு கைகளையும் இரண்டு பிளகின்களில் பிரித்துவிட்டால் இந்தப் பேச்சு நின்றுவிடுகிறது, அவை ஒரே அறையில் இருக்கும் இரண்டு பியானோக்கள். 2006இல் வந்த பியானோடெக் போல ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் பிளகினில் இந்த அதிர்வு உயிர்ப்பாக இருப்பதால் இழப்பும் நன்றாகத் தெரியும். சாம்பிள் பியானோவில் வேறு மாதிரி தெரியும்: இரண்டு அடுக்கும் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் அடித்தால் ஒரே ஒலித்துண்டு இரண்டு முறை ஓடி, ஒன்றோடொன்று உரசி உலோகம் போல ஒலிக்கும்.

ஆகவே பதிவும் திருத்தமும் தனித்தனி டிராக்கில், முடிவில் எல்லாம் ஒரே பியானோவில் என்பதுதான் என் முறை. பெடல் முதல் டிராக்கில் மட்டும் இருப்பதால் ஒன்றாக்கும்போது சண்டை வராது. இரண்டாம் மூன்றாம் டிராக்குகளின் மிடியை முதல் டிராக்கின் பியானோவுக்கு அனுப்புகிறேன், அவற்றின் பிளகின்களையும் பெடலை அனுப்பிய நடு டிராக்கையும் அணைத்துவிடுகிறேன். நடு டிராக்கை மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் பெடல் சுற்றிக்கொண்டு மறுபடி முதல் டிராக்குக்கே வரும். ஒன்றாக்கிய பிறகு ஒரே சுரம் இரண்டு அடுக்கிலும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும் இடங்களை மட்டும் பார்க்க வேண்டும், ஒன்றின் முடிவு மற்றதையும் நிறுத்திவிடும். பெடல் கீழே இருக்கும் இடமென்றால் காதில் விழாது, இல்லாத இடமென்றால் ஒன்றை நீக்கிவிடலாம். வேண்டுமென்றே இரண்டு பியானோவாக ஒலிக்க வேண்டும் என்றால் மட்டும் தனித்தனியாக விடுகிறேன், அப்போது இரண்டுக்கும் வேறு வேறு பியானோ.

தாமதம், அதாவது கட்டையை அழுத்தியதிலிருந்து ஒலி வரும்வரை ஆகும் நேரம் பற்றி ஒரு வரி போதும். 48,000 ஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128இல் வைத்தால் ஒரு பஃபருக்கு ஏறக்குறைய 2.7 மில்லிசெகண்ட், என் விரலுக்கு அது தெரிவதில்லை. மூன்று பியானோ ஏறிய பிறகு கணினி திணறினால் வாசிக்காத டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடலாம் (ஒலியாக மாற்றி வைத்துவிடலாம்).

பெடல் வாங்குவது பற்றியும் கேட்பீர்கள். நான் முதலில் வாங்கியது தலைகீழாக வேலை செய்தது, மிதித்தால் ஒலி நின்றது, விட்டால் தொடர்ந்தது. கெட்டுப்போன பொருள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். அது போலாரிட்டி மாற்றம்தான். சில பெடல்கள் மிதித்தால் இணைப்பு மூடும் வகை, சில திறக்கும் வகை. பல கீபோர்டுகள் மின்சாரம் போடும் கணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே மேலே என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே கீபோர்டைப் போடும்போது காலைப் பெடலில் வைக்காதீர்கள். அரைப் பெடல் வேண்டுமென்றால் 0 முதல் 127 வரை எல்லா மதிப்பும் அனுப்பும் வகையை வாங்க வேண்டும், கீபோர்டும் அதை ஏற்க வேண்டும், பிளகினும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கிடைப்பது சுவிட்ச்தான். வந்து சேர்ந்ததா என்று பார்க்க ரீப்பரின் 64ஆம் லேனைத் திறந்து மெதுவாக ஒரு முறை மிதித்துப் பதிவு செய்தால் போதும். படிப்படியாக ஏறினால் வேலை செய்கிறது, ஒரே தாவலாக 127க்குப் போனால் இல்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? மெனுக்களைக் கண்டு மிரளாதவர்களுக்கு. ரீப்பரில் எதற்கும் ஒரு விருப்பம் இருக்கும், அதனாலேயே தேவையான ஒன்றைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். திரையும் வேலைக்கான திரை, அலங்காரத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரே அடுக்கில் முழுதாக வாசித்துவிடும் திறமை உள்ளவருக்கு இவ்வளவும் தேவையில்லை, எதில் பதிவு செய்தாலும் அவருக்கு ஒன்றுதான். என்னைப் போல இரண்டு கையையும் தனித்தனியாக வாசித்து, நடுவில் மூன்றாவது குரலொன்றைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் 60 நாளையும் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

முதல் வாரத்திலேயே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். மூன்று டிராக், நடுவில் பெடல் வடிகட்டி, அனுப்பும் இணைப்புகள் எல்லாவற்றையும் அமைத்து டிராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்து வையுங்கள். எனக்கு இப்போது புதிய பாட்டு தொடங்கும்போது அது ஒரே சொடுக்கில் வந்துவிடுகிறது. விட்டுவிட்டதாக மேலே சொன்ன அந்தப் பழைய பதிவை, போன மாதம் இந்த டெம்ப்ளேட்டில் முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். மூன்றாவது அடுக்கு ஏறிய பிறகும் இடது கை கார்டுகள் கடைசி வரை ஒலித்தன.